கயிறு இழுத்த கையும் கணினிக் காற்றாடியும்



இவ்வாண்டுப் பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டார்கள். தோட்டத்துக் கோயிலின் வரலாறு, பள்ளியின் வரலாறு என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் என்னிலும் மூத்தவர்கள் முந்திய மலர்களில் அவற்றையெல்லாம் அழகாக எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் வைக்கவில்லை! ஆகவே யாரும் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது காற்றாடி. "காத்தாடிக்கு என்ன சார் வரலாறு?" என்று சக ஆசிரியை ஒருவர் சிரித்தார். இருக்கிறது என்பதை இக்கட்டுரையைப் படித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

இதற்குக் காரணமாயிருந்தது எங்கள் கணினி அறையில் நடந்த ஒரு சம்பவம். பரிசு பெறும் மாணவர் பட்டியலை ஒருநாள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பிற்பகல் இரண்டு மணி. நம் சிரம்பான் வட்டாரத்து வெயில் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. மேசைக்கு அடியிலிருந்த கணினிப் பெட்டி திடீரென்று அரிசி ஆலைபோல் இரைய ஆரம்பித்தது. "சார், காத்தாடி பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடுது சார்!" என்றான் பக்கத்தில் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன். அவன் சொல்லி வாய் மூடவில்லை, திரை இருண்டது. பட்டியலில் பாதி போயிற்று. திரும்ப முடுக்கினேன். கால் மணி நேரம் ஓடியது, மறுபடியும் அணைந்தது. காற்றாடியோ முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனாலும் பெட்டி கொதிக்கிறது. இது என்ன வேடிக்கை? அன்று மாலை முழுவதும் அதே யோசனை. காற்றை உண்டாக்குவது ஒரு வேலை, எப்போது எவ்வளவு காற்று என்று தீர்மானிப்பது வேறொரு வேலை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டாவது வேலையை இதுவரை யார் யார் செய்துவந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேடலே இக்கட்டுரை.

தமிழர்க்கு விசிறி புதிதன்று. பனையோலை விசிறி இல்லாத வீடு ஒரு காலத்தில் இல்லை. அரசர்க்குக் கவரி வீசினார்கள். தெய்வத்துக்கு ஆலவட்டம் பிடித்தார்கள். புறநானூற்றின் 50ஆம் பாடலை மேல்வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். மோசிகீரனார் என்னும் புலவர் வழிநடைக் களைப்பில், அரண்மனையில் முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவதே வழக்கம். ஆனால் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை. விசிறியை எடுத்துப் புலவர் தாமாக விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றான். வீசச் சொல்லி அவனுக்கு யாரும் உத்தரவிடவில்லை. எவ்வளவு வேகமாக வீசுவது என்றும் யாரும் சொல்லவில்லை. தூங்குகிறவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வீசியிருப்பான் என்றே நான் நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. அடுத்து வருவது பங்கா. இக்கால மாணவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அறையின் கூரையிலிருந்து ஒரு நீண்ட மரச்சட்டம் தொங்கும். அதில் துணித்திரை தைத்திருக்கும். சட்டத்தில் கட்டிய கயிறு சுவரிலுள்ள துளை வழியாக, ஒரு கப்பியின் மேல் ஓடி, வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து விடுவார். உள்ளே திரை ஊஞ்சல்போல் ஆடும், காற்று வரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் வீடுகளில் இது பரவலாயிற்று. அங்கிருந்து அலுவலகம், நீதிமன்றம், மாதா கோயில், பட்டாளத்தார் தங்குமிடம் என்று எங்கும் பரவி, வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் கூடவே போயிற்று. மலாயாவுக்கும் வந்தது.

நெகிரி செம்பிலானில் துரைமார் முதலில் காப்பி போட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் ரப்பர். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் இரயில் ஓடத் தொடங்கியது. ரந்தாவ், லிங்கி, லாபு, அப்புறம் பகாவ் என்று தோட்டங்கள் விரிந்தன. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகள் அழைத்து வந்தவர்களாகவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938இல் முடிவுக்கு வந்தது. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் இல்லாதது, மேட்டின்மேல் இருந்த பங்களாவின் பின்தாழ்வாரத்தில் கயிற்றோடு உட்கார்ந்திருந்த ஆளின் கதை.

எங்கள் தோட்டத்தில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் 'தாத்தா' என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய கொள்ளுப்பேத்தி எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளை அழைத்துப் போக வரும்போது பேசிக்கொண்டிருப்போம். தாத்தாவின் அப்பா சிறுவனாக இருந்தபோது துரை பங்களாவில் பங்கா இழுத்தவராம். அவர் சொன்னதைத் தாத்தா சொன்னபடியே தருகிறேன்:

"எங்கப்பாரு சொல்லுவாரு வாத்தியாரே. உக்காந்து இழுத்தா கை வலிக்கும். படுத்துக்கிட்டு கால் கட்டைவெரல்ல கயித்த மாட்டிக்கிட்டு இழுப்பாராம். தொர சாப்பிடறப்ப வேகமா, தூங்கறப்ப மெதுவா, மழ பெஞ்சா இன்னும் மெதுவா. உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கத்துனா வேகமா இழுக்கணும், அவ்வளவுதான். தூங்கிட்டா செருப்பு வந்து விழும்."

வாசகர்களே, இதைக் கவனியுங்கள். பங்கா இழுத்தவர் வெறும் இயந்திரமாக மட்டும் இருக்கவில்லை. இன்று நாம் மோட்டார் என்கிறோமே அதுவும் அவரே. ரெகுலேட்டர் என்கிறோமே அதுவும் அவரே. வெப்பத்தை உணரும் கருவியும் அவரே. ஆனால் உள்ளே அடிக்கிற காற்றில் ஒரு பொட்டுக்கூட அவர்மேல் படாது! சுவருக்கு வெளியே, புழுக்கத்தில், சுவருக்கு உள்ளே எவ்வளவு சூடு என்று ஊகித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஊகம் தவறினால் உதை. சேரமான் தூங்குகிறவர் முகத்தைப் பார்த்து வீசினான். இவருக்கோ முகம் பார்க்கவும் வழியில்லை.

உதை என்றால் சும்மா உதை இல்லை. இந்தியாவில் வேலைக்காரர்களும் பங்கா இழுப்பவர்களும் வெள்ளைக்காரர் உதைத்து இறந்துபோன வழக்குகள் பல உண்டு. நீதிமன்றத்தில் அடிக்கடி ஒரே காரணம் சொல்லப்பட்டது: இறந்தவருக்கு மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, ஆகவே இலேசான அடியிலேயே வெடித்துவிட்டது என்று. 1876இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடித்தார். அவர் இறந்துபோனார். விதிக்கப்பட்ட தண்டனை 30 ரூபாய் அபராதம். அப்போதைய வைஸ்ராய் லிட்டன் பிரபுவே அத்தீர்ப்பைக் கண்டித்து எழுத நேர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே தோட்டத்தில், பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், காற்றையும் சூட்டையும் அளந்து பார்த்து வேலை செய்த இன்னொரு இடமும் இருந்தது. அதுதான் புகைக்கூடம். தோட்டத்து வாய்மொழியில் 'சிமோக்கவுஸ்'. தாத்தா வாலிபத்தில் பல ஆண்டுகள் அங்கேதான் வேலை பார்த்தார். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். பாலை அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகைக்கூடத்தில் நாலைந்து நாள் வைப்பார்கள். கீழே விறகு எரியும். சூடு சுமார் 45 டிகிரி செல்சியஸில் தொடங்கி, போகப் போக 60 டிகிரி வரை ஏறும். முதல் நாள் தகட்டில் தண்ணீர் அதிகம். எனவே மேலேயுள்ள காற்றுக் கதவுகளை நன்றாகத் திறந்துவிட வேண்டும். ஈரம் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தகட்டில் கொப்புளம் விழும். இன்னும் கூடினால் கூடமே தீப்பற்றிக்கொள்ளும்.

"கீழ காத்து உள்ள வரணும், மேல வெளிய போகணும். ரெண்டுல ஒண்ண அடைச்சாலும் சூடு உள்ளயே சுத்திக்கிட்டு கெடக்கும்" என்பார் தாத்தா. கையில் தெர்மோமீட்டர் கொடுத்திருந்தார்களாம். ஆனால் கதவைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாராம். இந்த வாக்கியம் பின்னால் எனக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனிதன் பார்த்துப் பார்த்துச் செய்த இந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பல காலமாகவே இருந்துவந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரரான கொர்னேலிஸ் டிரெபெல் கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு ஏறினால் பாதரசம் உயர்ந்து, காற்றுக் கதவைத் தானே மூடும், ஆறினால் திறக்கும். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். இயந்திரம் வேகமாக ஓடினால் குண்டுகள் விலகி நீராவியைக் குறைக்கும்; மெதுவானால் நெருங்கி வந்து கூட்டும். 1830இல் ஆண்ட்ரூ யூர் என்பவர் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி, சூட்டில் அது வளைவதைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 'தெர்மோஸ்டாட்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. பஞ்சாலைகளின் சூட்டைச் சீராக வைப்பது அவர் நோக்கம்.

ஆண்டுகளைப் பாருங்கள். சூட்டைத் தானே உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் கருவி 1830லேயே வந்துவிட்டது. இருந்தும் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் நம்மவர் ஒருவர் கால் கட்டைவிரலில் கயிறு மாட்டிக்கொண்டு கிடந்தார். ஏன்? மனிதன் மலிவாகக் கிடைத்தான். கருவிக்குத்தான் விலை அதிகம். என் சொந்தக் கருத்து இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மின்சாரம் வந்துதான் பங்காவை ஓட்டியது. இங்கே நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி உண்டு. மலாயாவில் முதன்முதல் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டது 1894இல், சிலாங்கூரிலுள்ள ரவாங்கில். அதைச் செய்தவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில், பத்துமலை என்று சொன்னால் நினைவுக்கு வருகிறாரே, அதே தம்புசாமிப் பிள்ளைதான். தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக அவர்கள் மின்னாக்கி வைத்தார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1882இல், அமெரிக்காவில் ஸ்கைலர் வீலர் மின்சார மேசைக் காற்றாடியை உருவாக்கியிருந்தார். அதே பத்தாண்டில் பிலிப் டீல் என்பவர் தையல் இயந்திர மோட்டாரைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு இறக்கை மாட்டினார். கூரைக் காற்றாடி பிறந்த விதம் இதுதான்.

ஆனால் தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்த கதை நீளமானது. நாட்டின் மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1965இல் தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. பெயர் இரண்டு முறை மாறியும் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு விளக்கு எரியும், பத்து மணிக்கு அணைந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். காற்றாடி போட்டால் விளக்கு மங்கும் என்று கிராணி வந்து சத்தம் போடுவாராம். தகரக் கூரையின் கீழ், பத்து மணிக்கு மேல், கைவிசிறிதான் கதி. குழந்தைக்கு வீசிக்கொண்டே தாய் தூங்கிவிடுவாள். கை மட்டும் தூக்கத்திலும் ஆடும். என் பாட்டியின் கை அப்படி ஆடியதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக் காற்றாடிக்கு ரெகுலேட்டர் வந்தபோது எல்லோருக்கும் பெரிய அதிசயம். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட திருகு. அந்தக் காலத்துப் பெட்டிக்குள் இருந்தது வேறொன்றும் இல்லை, மின்தடைக் கம்பிச்சுருள். வேகத்தைக் குறைத்தால் மிஞ்சிய மின்சாரம் அந்தச் சுருளில் சூடாகப் போகும். ஒன்றில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டால் சுடும்! அறையைக் குளிர்விக்கிற காற்றாடி, சுவரில் ஒரு குட்டி அடுப்பை வைத்துக்கொண்டுதான் மெதுவாகச் சுற்றிற்று. இக்கால ரெகுலேட்டரில் மின்தேக்கி இருப்பதால் அந்த வீண்சூடு இல்லை. ஆனாலும் திருகுவது நம் கைதான். நடுச்சாமத்தில் குளிர் எடுத்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்த் திருக வேண்டும். பங்கா இழுத்தவரின் பாதி வேலை இன்னும் மனிதனிடமே இருந்தது என்று சொல்லலாம்.

இனிக் கணினிக்கு வருவோம். 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது இழுத்த மின்சாரம் 150 கிலோவாட் அளவு. அத்தனையும் கடைசியில் சூடாகத்தானே மாறும்? பெரிய பெரிய ஊதிகளை வைத்துக் காற்றை அடித்தார்கள். பிறகு வந்த பெரிய கணினிகளுக்கெல்லாம் குளிரூட்டிய மண்டபமே கட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் வந்த ஐ.பி.எம். 370/155 அப்படிப்பட்டதுதான். நம் நாட்டிலும் 1960களின் நடுவில் தேசிய மின்சார வாரியம் கணினியை வாங்கியது. லயத்தில் காற்றாடி போடவே மின்சாரம் இல்லாத நாளில், இயந்திரத்துக்கு ஏர்கண்டிஷன்! பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை, சூட்டில் மனிதன் வேர்த்துத் தாங்குவான், கணினி தாங்காது, நின்றே போகும்.

1981இல் மேசைமேல் வைக்கும் ஐ.பி.எம். கணினி வந்தது. மின்வழங்கிப் பெட்டிக்குள் ஒரே ஒரு காற்றாடி, ஒரே வேகம். அதற்கு முந்திய ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் 3' என்னும் கணினியைக் காற்றாடியே இல்லாமல் வெளியிட்டது. சத்தம் வரக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தாராம். சூட்டில் உள்ளே இருந்த சில்லுகள் தம் இருப்பிடத்தைவிட்டுக் கிளம்பிவிட்டன. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் 'தொப்'பென்று கீழே போட்டால் சில்லு மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளருக்கு யோசனை சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மை.

1990களின் தொடக்கத்தில் சி.பி.யு.வின் தலைமேலேயே ஒரு குட்டிக் காற்றாடி ஏறியது. 2004 வாக்கில் வந்த பென்டியம் 4 வகைகளில் சில, 100 வாட் குண்டு பல்பு எவ்வளவு சுடுமோ அவ்வளவு சுட்டன. அதுவும் தபால்தலை அளவு இடத்திலிருந்து. முழு வேகத்தில் காற்றாடியை ஓடவிட்டால் காது செவிடாகும். குறைத்தால் சில்லு வேகும். அந்த நெருக்கடியில்தான் நான்கு கம்பிக் காற்றாடி பரவியது. மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முதல் இரண்டு கம்பிகளில் 12 வோல்ட் மின்சாரம் போகும், வரும். மூன்றாவது கம்பி, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் "நான் இவ்வளவு வேகத்தில் ஓடுகிறேன்" என்று கணினிக்குச் சேதி சொல்லும். நான்காவது கம்பி வழியாகக் கணினி உத்தரவிடும். விநாடிக்கு சுமார் 25,000 முறை திறந்து மூடும் துடிப்பாக அந்த உத்தரவு போகும். திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். இம்முறைக்குப் பி.டபிள்யூ.எம். என்று பெயர். சில்லுக்குள்ளேயே வெப்பம் உணரும் உறுப்பு இருக்கிறது. வெயில் ஏறினால் வேகம் ஏறும், ஆறினால் இறங்கும். கத்த ஆள் வேண்டாம். கயிறு இழுக்கவும் ஆள் வேண்டாம்.

மெதுவாகச் சுற்றுவதில் இன்னொரு இலாபமும் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் செலவாகும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தமும் வெகுவாக அடங்கும். அதனால்தான் பெரிய காற்றாடியை மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது என்கிறார்கள்.

சரி, எங்கள் கணினிக்கு என்ன ஆயிற்று?

மறுநாள் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். அடேயப்பா! செம்மண் சாலையில் செம்பனை லாரிகள் ஓடுகிற தூசி முழுவதும் அங்கேதான் வந்து குடியிருந்தது. பல்லி முட்டை வேறு இரண்டு. சி.பி.யு.வின் மேலிருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி, கம்பளிபோல் அடைத்துக்கொண்டிருந்தது. காற்றாடி முழு வேகத்தில் சுற்றியும் பயனில்லாமல் போனது ஏன் என்று புரிந்தது. காற்று போக வழி இல்லை. தூரிகையால் மெல்லத் தட்டி, ஊதியால் ஊதினேன். ஊதும்போது காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலவிட்டால் அச்சு கெட்டுவிடும். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் பூசும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன்.

முடுக்கினேன். சி.பி.யு. காற்றாடி அடங்கியது. ஆனால் பெட்டியின் பின்பக்கக் காற்றாடி மட்டும் அதே கூச்சல். கணினியில் எந்த வேலையும் நடக்காதபோதும் முழு வேகம். பார்த்தால் அதற்கு மூன்றே கம்பி! முன்பு ஒருமுறை ஒரு கடையில் பழுது பார்த்தபோது, நான்கு கம்பிக் காற்றாடிக்குப் பதிலாக மூன்று கம்பி உள்ளதைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். கணினியோ நான்காவது கம்பியில் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பியே இல்லாதவனுக்கு எப்படிக் கேட்கும்? 12 வோல்ட் மட்டும் இடைவிடாமல் போகிறது, அவனும் இடைவிடாமல் ஓடுகிறான். பயாஸ் அமைப்புக்குள் போய் அந்தச் செருகிக்கான முறையைப் பி.டபிள்யூ.எம்.-இலிருந்து டி.சி.க்கு மாற்றினேன். அதாவது துடிப்பால் உத்தரவிடாமல் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை. கூச்சல் நின்றது. எனக்கு ஒரே பெருமை!

பெருமை அரைமணி நேரம்தான் நிலைத்தது. வெப்பம் 90 டிகிரியிலிருந்து 78க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்துக் கொள்ளுப்பேத்தியை அழைக்கத் தாத்தா வந்தார். "என்ன வாத்தியாரே, பெட்டிய பொளந்து போட்டிருக்கீங்க?" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுந்து பெட்டியின் பின்னால் போய் உள்ளங்கையை விரித்து வைத்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். முன்பக்கம் வந்து அங்கேயும் கையை வைத்தார்.

"ரெண்டு பக்கமும் உள்ள இழுக்குதே வாத்தியாரே. வெளிய போற வழி எது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புகைக்கூடத்தைப் பற்றி அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். முன்னாலிருந்து குளிர்ந்த காற்று வர வேண்டும், பின்னால் சூடான காற்று போக வேண்டும். மாட்டியவர்கள் பின்காற்றாடியைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். சட்டத்தின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறியே போட்டிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. அம்பு இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் எந்தப் பக்கமோ, பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். நான்கு திருகாணிகளைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். தாத்தா மறுபடி பின்னால் கையை வைத்தார். தலையாட்டினார்.

திரையில் வெப்பம் இறங்கிக்கொண்டே வந்து 61இல் நின்றது. பின்காற்றாடி நிமிடத்துக்கு 900 சுற்றுக்கு வந்திருந்தது. காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கும். வேண்டுமென்றே சில கனமான வேலைகளைக் கொடுத்தேன். வெப்பம் ஏற, வேகம் தானாகக் கூடியது. வேலை முடிந்ததும் தானாகக் குறைந்தது. தாத்தா அந்த எண்கள் மாறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"இத யாரு பாத்து இழுக்கறா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல தாத்தா. அதுவே சூட்டப் பாத்துக்குது, அதுவே வேகத்த மாத்திக்குது."

"அதுக்குத் தூக்கம் வராதா?"

"வராது தாத்தா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கொள்ளுப்பேத்தியின் புத்தகப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பட்டியலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். இம்மலரின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் காணும் பரிசு பெற்றோர் பட்டியல் அந்தக் கணினியில் அடித்ததுதான்.